சி-27க்கு ஒரு கல்வெட்டு

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். பெயர்தான் கல்வெட்டு, கையில் கிடைப்பது ஒரு சின்னப் புத்தகம். முன்னால் படம், உள்ளே தேவாரம், பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். மொன்றியலில் பல குடும்பங்களுக்கு அந்த வாழ்க்கை வரலாற்றுப் பகுதியை எழுதிக் கொடுப்பவள் நான். இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் தமிழ் அல்ல, என் விடுப்பு, ஊர்ப் புதினம் அறிகிற ஆசை. பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஆனால் செத்த வீட்டில் போய் விசாரித்தால் எரிச்சல்தான் வரும். "நல்ல மனுசன்" என்பார்கள். "எல்லாரோடயும் அன்பாப் பழகுவார்" என்பார்கள். அந்த மனுசன் எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுவார், எதைக் கண்டால் பயப்படுவார் என்று கேட்டால் பெற்ற பிள்ளைகளே முழிக்கும். நானும் இலேசில் விடமாட்டேன். குடைந்து குடைந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவேன்.

என் மனுசன் ஊரில் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறி, அறுந்த வயரைப் பொருத்துகிற வேலை. இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ஒரு இரும்புப் பட்டறையில் நின்றார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இதே நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில், பிரிட்டிஷ்காரருக்கு நீர்மூழ்கிகள் கட்டினார்கள் என்று அங்கே கூட வேலை செய்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று பிடித்த பைத்தியம். மொன்றியலில் கட்டியவற்றில் தொடங்கி, அவற்றுக்கு முந்தியவற்றுக்குப் போய், கடைசியில் சி-27 என்ற ஒரு கிழட்டு நீர்மூழ்கியில் வந்து நின்றுவிட்டார். நகரத்தின் மேற்கே, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் சுவரில் அதன் படம் பெரிதாகத் தொங்குகிறது. எங்கள் கலியாணப் படம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

போன வருடம் அவருக்கு இடது காது மந்தமானது. நடக்கும்போது ஒரு பக்கமாக இழுத்தது. கேட்டால் சப்பாத்து சரியில்லை என்றார். இழுத்துக்கொண்டு எங்கள் டொக்டரிடம் போனேன். டொக்டர் தமிழ்நாட்டுக்காரர், நிதானமான மனிதர்.

"காது நரம்புல ஏதாவது கட்டி இருக்கான்னு பார்த்துடலாம் சார். பெரும்பாலும் ஒன்னும் இருக்காது. ஆனா பார்க்காம என்னால சொல்ல முடியாது" என்றார்.

பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேண்டும். அங்கேதான் எல்லாம் குழம்பியது. டவுன்டவுன் ஆஸ்பத்திரியில் முதல் தடவை அவரைப் படுக்க வைத்து, முகத்துக்கு மேல் கூடு மாதிரி ஒன்றை மூடி, குழாய்க்குள் தள்ளினார்கள். கையில் ஒரு றப்பர் பந்து கொடுப்பார்கள், ஏலாவிட்டால் அதை அமத்தவேண்டும். மனுசன் உள்ளே போனதும் போகாததுமாக அமத்திவிட்டார். இரண்டாம் தடவை மனதை அமைதிப்படுத்தக் குளிசை போட்டுக்கொண்டு போனார். அந்த முறை உடுப்பு மாற்றுகிற அறையோடேயே திரும்பிவிட்டார்.

"உந்தக் குழாய்க்குள்ள என்னால ஏலாது" என்றார், றெயினில் வரும்போது.

நீர்மூழ்கியைச் சுவரில் மாட்டி வைத்துக் கொண்டாடுகிற மனுசன் சொல்கிற கதை இது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தலைக்குள் கட்டி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் வளர்கிறதா? ஊரார் வீட்டுக் கறியே தெரியாமல் இருக்க முடியாதவள், கட்டிய மனுசனின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி இருப்பது? எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

மூன்றாம் தடவைக்கு நாள் தந்தார்கள். இதையும் தவறவிட்டால் வரிசையின் அடியில் போய் நிற்கவேண்டும், மாதக்கணக்கில் இழுபடும் என்று தொலைபேசியில் ஒரு பெண் சொன்னாள். அன்று பின்னேரம் அவர் என்னிடம் ஒரு பேரம் பேசினார்.

"இஞ்சரும், ஊரில உள்ள ஆக்களுக்கெல்லாம் வரலாறு எழுதிக் குடுக்கிறீர். என்ரை சி-27க்கு ஒண்டு தமிழில எழுதித் தாரும். நான் போய் உந்தக் குழாய்க்குள்ள படுக்கிறன்."

"எழுதினாப் பிறகு ஏமாத்தினால்?"

"முழுசா எழுதி முடிச்சால் படுப்பன்."

நான் மாட்டேன் என்று சொல்வேன், அதைச் சாட்டாக வைத்துத் தப்பலாம் என்பது அவர் போட்ட கணக்கு. நான் அன்றைக்கே உட்கார்ந்து முதல் பந்தியை எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரு முறைதான், அந்த முறையிலேயே எழுதியிருந்தேன். "வடமேற்கு இங்கிலாந்தின் பாரோவைப் பிறப்பிடமாகவும், வடகடலை வதிவிடமாகவும் கொண்ட அமரர் சி-27 அவர்கள்..."

மனுசன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னப்பா இது? முதல் வரியிலயே சாக்காட்டிப் போட்டீர்?"

"இப்ப உயிரோடயோ இருக்கு அது?"

"அது முதல்ல வாழட்டும். பேந்து சாகட்டும்."

பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் சொல்லும்போது அவருடைய கை இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தது. தாளை வாங்கி அமரரையும் அவர்களையும் வெட்டினேன்.

அதன்பிறகு அந்தப் படகு என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் கணினிக்கு முன்னால் குந்திக்கொண்டு, இங்கிலிசில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். அது கரையோரக் காவலுக்கென்று கட்டிய சின்ன நீர்மூழ்கி. தூரக் கடலில் போய்த் திரிய அல்ல. உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது, ஒரே நீட்டுக் குழாய். அந்தக் குழாய்க்குள் பதினாறு பேர், ஒரு பெற்றோல் எஞ்சின், பற்றரிகள், டோர்பிடோக்கள். படுக்க ஒழுங்கான இடமில்லை. சமையல்? குளிப்பு? மற்றது? எழுதியவர்கள் எல்லாரும் எஞ்சினின் குதிரை வலுவை எழுதியிருக்கிறார்கள், ஒருவரும் இதை எழுதவில்லை. செத்த வீடுகளில் வருகிற அதே எரிச்சல் எனக்கு வந்தது.

அந்தக் காலத்துப் பெற்றோல் நீர்மூழ்கிகளில் காற்று கெட்டுப்போவதை அறிய வெள்ளை எலிகளைக் கொண்டு போனார்களாம். எலி சுருண்டால் மேலே வரவேண்டும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டேன்.

"சி-27இல எலிக்கு ஆர் சாப்பாடு போட்டது?"

"எலியோ? எனக்கென்ன தெரியும்?"

"இத்தினை வருசமா இதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். எலிக்கு ஆர் சாப்பாடு போட்டதெண்டு தெரியாது."

மனுசன் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல வந்து, "எஞ்சின்காரன்தான் போட்டிருப்பான். அவன்தான் பின்னுக்கு இருக்கிறவன், பெற்றோல் மணம் முதல்ல அவனுக்குத்தான் வரும்" என்றார். ஊகம்தான். இருந்தாலும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

சி-27 செய்த பெரிய காரியம் போர் தொடங்கியபின் வருகிறது. ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை அடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஒரு மீன் படகுக்குப் போய் டோர்பிடோவை வீணாக்குவானேன் என்று மேலே வந்து பீரங்கியால் சுட்டன. பிரிட்டிஷ்காரர் அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். வலை இழுத்து மீன் பிடிக்கிற இழுவைப் படகு ஒன்று எதுவும் அறியாத அப்பாவி போல மேலே போகும். அதன் பின்னால், தண்ணீருக்கடியில், சி-27 போன்ற ஒன்றை வடத்தில் கட்டி இழுத்துப் போகும். வடத்தோடு டெலிபோன் வயரும் போகும். எதிரி மேலே வந்ததும் இழுவைப் படகுக்காரர் டெலிபோனில் சொல்லவேண்டும். கீழே இருப்பவர்கள் வடத்தைக் கழற்றிக்கொண்டு போய் டோர்பிடோ அடிக்கவேண்டும்.

டெலிபோன் வயர் என்று வாசித்த இடத்தில்தான், இவ்வளவு படகுகள் இருக்க என் மனுசன் ஏன் இதில் போய் விழுந்தார் என்று எனக்கு விளங்கியது.

ஒருநாள் எதிரி வந்தது. பார்த்தால் டெலிபோன் வேலை செய்யவில்லை. மேலே இருந்து ஒரு குரலும் வரவில்லை. பிறகு கீழே வெடிச்சத்தம் கேட்டது. கப்டன் தன்பாட்டில் முடிவெடுத்து வடத்தைக் கழற்றினார். முதல் டோர்பிடோ தவறியது, அடுத்தது பட்டது. அந்த ஜேர்மன் நீர்மூழ்கியிலும் ஆட்கள் இருந்தார்கள், சிலர்தான் தப்பினார்கள். அவர்களைப் பெற்றவர்களை நினைத்து நான் எழுதுவதைக் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்தேன்.

எனக்குக் குடைந்தது அடி விழுந்த கதை அல்ல. டெலிபோன் செத்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருந்திருக்கும். இருட்டுத் தண்ணீருக்கடியில், பெற்றோல் மணத்துக்குள், கயிற்றில் கட்டிய கன்று மாதிரி இழுபட்டுக்கொண்டு, காதில் றிசீவரை வைத்தபடி அவர்கள் என்ன நினைத்தார்கள்? மேலே எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றா? தங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றா? எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டு மேலே எழுதிக்கொண்டு போனேன்.

இதற்கிடையில் மனுசனைக் குழாய்க்குப் பழக்கவேண்டும் என்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை. அதன் கீழ் அவரைப் படுக்க வைத்து, முகத்தின் மேல் மா அரிக்கிற அரிதட்டைக் கவிழ்த்து, மெசினைப் போட்டு விடுவேன். கடகடவென்று ஆடும். அவருடைய வயிற்றில் ஒரு செல்போன், மேலே குசினியில் என் கையில் ஒன்று. நான் இழுவைப் படகு, அவர் நீர்மூழ்கி.

"இருக்கிறீரோ?" என்பார் கீழே இருந்து.

"இருக்கிறன், இருக்கிறன். வெங்காயம் வெட்டுறன்."

இப்படி ஒரு கிழமை நன்றாகத்தான் போனது. ஒருநாள் பக்கத்து ரொக்ஸ்பரோவில் இருந்து என் சிநேகிதி கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் காரில் கொண்டுவந்தாள். போனை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். கதை என்றால் கதைதான், யாருடைய மகளுக்கு யார் மாப்பிள்ளை என்று போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் என் மனுசன் வாசற்படியில் நிற்கிறார். நெற்றியில் அரிதட்டின் வட்டம் பதிந்திருக்கிறது, முகம் வெளிறிப் போயிருக்கிறது.

"ஏன் கதைக்கேல்லை? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன். ஏன் கதைக்கேல்லை?"

சிநேகிதி மெல்லக் காரில் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு அவர் மேசைக்குக் கீழ் படுக்கவில்லை.

ஸ்கானுக்கு முதல் நாள் வரலாற்றை முடித்துக் கொடுத்தேன். போரின் நடுவில் சி-27ஐ ரஷ்யாவின் வடகரைக்கு இழுத்துப் போய், தட்டையான சரக்குப் படகில் ஏற்றி, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக நாட்டைக் குறுக்கறுத்துப் பால்டிக் கடலில் இறக்கியது, ஒன்றிரண்டு வருடம் கழித்து எதிரி நெருங்கியபோது, அவன் கையில் விழக்கூடாதென்று சொந்த ஆட்களே பின்லாந்துக் கரைக்கு வெளியே கொண்டுபோய் அதைத் தண்ணீரில் தாட்டது, எல்லாம் எழுதியிருந்தேன். கடலுக்கென்று பிறந்தது வாய்க்காலில் படுத்துப் பயணம் போனதை நினைத்து அவர் சிரித்தார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"இஞ்ச வெறுமையாக் கிடக்கு."

"டெலிபோன் செத்த நேரம் அவங்கள் என்ன நினைச்சாங்கள் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"அப்ப இது முடியேல்லை." முகத்தில் ஒரு நிம்மதி. "முழுசா எழுதி முடிச்சால் எண்டுதானே பேச்சு."

எனக்கு ஏறியது கோபம். "நாளைக்கு உள்ள போய்ப் படுத்து, அவங்கள் என்ன நினைச்சிருப்பாங்கள் எண்டு நீங்களே பாத்துக்கொண்டு வாங்கோ. வந்து சொல்லுங்கோ, எழுதிறன்."

அடுத்த நாள் றெயின் ஏறிப் போனோம். ஆஸ்பத்திரியில் "பொன்ஜூர்" என்று சிரித்துக்கொண்டு ஒரு இளம் பெண் வந்தாள். முதல் இரண்டு தடவையும் நடந்ததை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, நீங்களும் உள்ளே வந்து அவருடைய காலடியில் இருக்கலாம், சத்தத்தில் கதைக்க முடியாது, ஆனால் காலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்றாள். பிறகு என் கழுத்தைக் காட்டினாள். உலோகம் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

தாலிக்கொடி. ஏறிய நாளில் இருந்து கழுத்தில் இருந்து இறங்காத கொடி. கல்வெட்டு எழுதுகிறவள் என்பதால் எத்தனையோ செத்த வீடுகளில் நான் முன்வரிசையில் இருந்திருக்கிறேன். கொடியை எப்போது கழற்றுவார்கள், அந்த நேரம் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். கொடியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம், விடும். வீட்டை போவம்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவி மனுசனுக்குத் தப்புவதற்கு இன்னொரு வழி கிடைத்துவிட்டது.

அந்த வெளிச்சத்தைக் கண்டதும் எனக்குத் தயக்கம் விட்டுவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொடியின் திருகாணிச் சுரையைத் திருகினேன். இறுகிப் போயிருந்தது, நகம் உடைந்தது, கழன்றது. அவருடைய மணிக்கூட்டோடு கொடியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"நடவுங்கோ" என்றேன்.

நடந்தார்.

குழாய்க்குள் அவரைத் தள்ளியபின் எனக்குத் தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். வலது காலின் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெசின் தொடங்கியது. காதடைப்பான்களைத் தாண்டித் தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். அவருடைய கால் நடுங்கியது. நான் விரலை அமத்தினேன். கொஞ்சம் அடங்கியது. திரும்ப நடுங்கியது, திரும்ப அமத்தினேன்.

பயம் வந்தால் என் கை தானாகக் கொடிக்குப் போகும். அது என் பழக்கம். நடுவில் மெசின் ஒரு கணம் நின்று, வேறு மாதிரி உறுமத் தொடங்கியது. என் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஐயோ, கொடி எங்கே என்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவி, சட்டைக்குள் தேடி, கதிரைக்குக் கீழ் குனிந்து பார்த்து, பிறகுதான் பெட்டிக்குள் பூட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தால் அவருடைய கால் தனியாகக் கிடந்தது. எவ்வளவு நேரம் விட்டேனோ தெரியாது. பந்தை அமத்தப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாய்ந்து பிடித்தேன். கால் அசையவில்லை. குளிர்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

பந்தை அவர் அமத்தவே இல்லை. எல்லாம் எடுத்து முடிந்து வெளியே இழுத்தார்கள். தலைமயிர் கலைந்து, கண் சிவந்து எழும்பினார். உடுப்பு மாற்றுகிற இடத்தில் பையைத் திறந்து கொடியைத் தன் கையில் எடுத்தார். என்னைத் திரும்பச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தச் சின்னச் சுரையைத் திருகத் தொடங்கினார். கம்பத்தில் நின்று வயர் பொருத்தியவருக்கு இது பெரிய வேலையா? ஆனாலும் நேரம் எடுத்தது. நான் அழுதுகொண்டு நின்றேன்.

பின்னால் இருந்து கேட்டார். "இடையில ஒருக்கா விட்டனீர், என்ன?"

"ஓம். கொடியைக் காணேல்லை எண்டு தேடினன். மறந்துபோனன்." மூக்கைத் துடைத்தேன். "அப்ப என்ன நினைச்சனீங்கள்?"

சுரையை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "மேல ஏதோ வேலையா நிக்கிறாள், வந்து பிடிப்பாள் எண்டு நினைச்சன்."

வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி வைக்கவும் முதல், விட்டிருந்த இடத்தில் எழுதினேன். "டெலிபோன் நின்றபோது, மேலே இருப்பவர்கள் ஏதோ வேலையாக இருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்." இவ்வளவு காலத்தில் ஆதாரம் இல்லாமல் நான் எழுதிய ஒரே வரி அது. மனுசன் வாசித்தார். பேஸ்மென்டுக்குப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் தாளை ஒட்டினார்.

முடிவு சொல்ல டொக்டர் ஒரு காலைநேரம் கூப்பிட்டார். என் மனுசன் நல்ல காதில் போனை வைத்துக்கொண்டு நிற்க, நான் எட்டிப் பறித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சின்னதா ஒன்னு இருக்கு சார். கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. இப்போதைக்கு ஒன்னும் பண்ண வேண்டாம். வளருதான்னு மட்டும் வருஷா வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாம்."

போனை வைத்தபின் இரண்டு பேரும் குசினிக் கதிரையில் இருந்தோம். கட்டி இருக்கிறது. எவ்வளவு பெரிதென்று தெரியும், என்ன வகை என்று தெரியும். தெரிந்த அளவில் எனக்கு மூச்சு வந்தது. அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

"அப்ப வருசா வருசம் நீர் கொடி கழட்டவேணும்."

"கழட்டலாம்" என்றேன். "திரும்பப் பூட்ட நீங்கள் நிண்டால் போதும்."